நாட்கூலியும் மணிக்கணக்கும்

ஒருவர் தம் உழைப்புக்குப் பெறும் கூலி யாது என்று நம் தாமிரபரணிப் பிரதேசத்தில் வினவினால், விடை தொழிலுக்குத் தொழில் வேறுபடும். நடவு நடும் மாது நாளுக்கு இவ்வளவு என்பாள். பீடி சுற்றுபவள் ஆயிரத்துக்கு இவ்வளவு என்பாள். வடக்கே கோவிற்பட்டிப் பக்கத்தில் தீப்பெட்டி வேலைக்குச் செல்பவள் தான் அடைத்த பெட்டிகளின் எண்ணைச் சொல்லுவாள். ஆலைத் தொழிலாளரும் ஆசிரியரும் மாதத்தைச் சொல்வர். மணிக்கு இவ்வளவு என்று விடை கூறுவார் நம்மிடையே அரியர். அளக்கும் கோல்கள் இங்ஙனம் பலவாக இருத்தலின், எத்தொழில் எதனினும் மேலான ஊதியம் தருகிறதென்று ஒப்பிட்டு அறிய நமக்கு வழியில்லாமற் போகிறது. இஃது ஏட்டுக் கணக்கர் கவலை என்று மாணவ நண்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். இக்குழப்பத்தால் நஷ்டமடைவோர் பெரும்பாலும் பெண்மக்கள். நம் கல்லூரி மாணவர் சிலருடைய தாய்மாரும் அவருள் அடங்குவர்.

மணிக்கணக்கு இப்பக்கத்துக்குப் புதிதன்று. பாபநாசத்தில் அருவி நீரின் வலிமையைக் கொண்டு நூற்பாலை ஓடத் தொடங்கிய காலமுதல், ஆலைச் சங்கு ஊராரின் பொழுதை வகுத்து வந்தது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்ற வரலாறு யாவரும் அறிந்ததே. அத்தொழிலாளர் கூலி உயர்வோடு நின்றுவிடாமல் வார விடுமுறையையும் கேட்டனர் என்பது நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. ஓய்வு நேரத்தை விட்டுக் கூலியை மாத்திரம் பேசுவதில் பயனில்லை என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பின்னர் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எல்லை வகுத்து, மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களிலும் அவ்விரட்டிப்பு விதி நிலைத்துள்ளது. ஆகவே ஆலையிலுள்ளவர் தம் ஒரு மணியின் விலையைத் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நிற்க. பீடித் தொழிலை நோக்குவோம். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் இது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் நடைபெறும் தொழில். இலையை நனைத்துப் பதம் பார்த்து, அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனை மடித்து, கட்டாகக் கட்டிக் கடைக்குக் கொண்டு போய், அங்கே வரிசையில் நின்று, கழித்தவை போக மிஞ்சியதற்குக் கணக்கு எழுதி வாங்க வேண்டும். கொடுத்த இலை ஆயிரத்துக்குப் போதாவிடின், குறையைத் தன் காசில் வாங்குவதும் உண்டு. கூலியோ முடிந்த பீடிக்கே அன்றி முன்னும் பின்னும் உள்ள வேலைக்கு இல்லை. ஓர் உதாரணத்துக்காக ஆயிரத்துக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவதற்கு 9 மணியும், இலை வேலைக்கு 2 மணியும், கடைக்குப் போய்வர 1 மணியும் செல்லுமாயின், மொத்தம் 12 மணி. மணிக்கு 25 ரூபாய். அதே 300 ரூபாயை எட்டு மணி வேலைக்கு ஒருவர் பெறுவாராயின் மணிக்கு 37 ரூபாய் 50 காசு. காகிதத்தில் இருவர் கூலியும் ஒன்றே.

பொது அளவுகோலாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் 2025-26ஆம் நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டுக்குக் குறித்த நாட்கூலி 336 ரூபாய். அத்திட்டத்தின் விதி, ஒரு மணி ஓய்வு உள்ளிட்ட எட்டு மணியை ஒரு நாளாகக் கொண்டது. எட்டால் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். ஓய்வை நீக்கி ஏழால் வகுத்தால் 48 ரூபாய். ஓய்வு நேரம் யாருடையது என்ற ஒரு கேள்வியிலேயே ஆறு ரூபாய் அடங்கியிருத்தல் காண்க. திண்ணையில் சுற்றுபவளுக்கோ ஓய்வு என்று தனியே ஒன்று குறிக்கப்படவே இல்லை.

ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் வேறோர் உலகம். இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் கேரளத்தில் வேளாண் கூலி வேலை செய்யும் ஆடவரின் சராசரி நாட்கூலி 764 ரூபாய். அகில இந்தியச் சராசரியோ 345 ரூபாய். தென்காசிப் பக்கத்து ஆடவர் மலையைத் தாண்டி வேலைக்குப் போவதன் காரணத்தை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை. வீட்டையும் குழந்தைகளையும் விட்டு அங்ஙனம் போக இயலாதவளே குறைந்த கூலிக்கு அகப்படுகிறாள்.

மணிக்கணக்கு ஒன்றே முழு உண்மையையும் காட்டிவிடும் என்று நான் வாதிக்கவில்லை. தூத்துக்குடி உப்பளத்தை நோக்குக. அங்கே விடியுமுன் வேலை தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்க முயல்வர். ஆதலின் மணிக்கு வகுத்துப் பார்த்தால் கூலி சற்று உயர்ந்து தோன்றும். ஆனால் உப்பு நீரில் கால் நனைய நின்று உப்பு வாரும் ஒரு மணியும், நிழலில் அமர்ந்து செய்யும் ஒரு மணியும் ஒன்றாகா. அன்றியும், வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் கரைந்து தொழில் நின்றுவிடும். அம்மழை மாதங்களுக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 5000 ரூபாய் நிவாரணம் அறிவித்ததே, அத்தொழிலின் ஆண்டுக் கணக்கு எத்தகையது என்பதைக் காட்டும். எனவே மணிக்கணக்கோடு, ஆண்டில் எத்தனை மணி வேலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

பீடி சுற்றுபவள் தன் வீட்டில், தன் விருப்பப்படி, அடுப்பையும் பார்த்துக்கொண்டு செய்கிறாள். அவள் நேரத்தை எங்ஙனம் அளப்பது என்று சிலர் தடை நிகழ்த்துவர். அத்தொழிலில் வருங்கால வைப்பு நிதியும், பிள்ளைகளுக்கு உதவிச் சம்பளமும் உண்டென்பதையும் எடுத்துக்காட்டுவர். இவற்றை நான் மறுக்கவில்லை. அவ்வுதவிச் சம்பளத்தால் படித்து முன்னேறினோர் பலர். எனினும் அளக்க இயலாது என்னும் வாதம் நிலைபெறாது. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தார் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிஷமும், ஆடவர் 88 நிமிஷமும் செலவிடுகின்றனர் என்று கண்டனர். பாத்திரம் துலக்கும் நிமிஷத்தை எண்ண முடிந்த அரசாங்கத்துக்குப் பீடி சுற்றும் நிமிஷத்தை எண்ண முடியாதா?

வீட்டு வேலைக்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் பிரிட்டனில் ஒரு வழி கண்டிருக்கின்றனர். 1999 ஏப்ரல் முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கணக்கிலேயே விதிக்கப்படுகிறது. எண்ணிக்கைக் கூலிக்காரரின் வேலையைச் சோதித்து, ஒரு மணியில் சராசரியாக எத்தனை முடிகிறதெனக் கண்டு, அதனை 1.2 ஆல் வகுத்து, வந்த தொகைக்கே ஒரு மணியின் கூலி கொடுக்க வேண்டும் என்பது விதி. சராசரிக்குச் சற்றுப் பின்தங்கிய கையும் வாழ வேண்டும் என்பது அதன் கருத்து. நாம் மேலே கொண்ட உதாரணத்தில் ஆயிரத்துக்கு 12 மணி சராசரியாயின், இவ்விதிப்படி 14.4 மணிக்குரிய கூலி கொடுத்தல் வேண்டும். மணிக்கு 42 ரூபாய் வீதம் அது 604 ரூபாய் 80 காசு. நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. கூலியை மணிக்கோ நாளுக்கோ மாதத்துக்கோ விதிக்கலாம் என்று 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இடங்கொடுத்தது. இடம் இருந்தும் நாம் அதனைப் பயன்படுத்தவில்லை. அத்துணை உயர்ந்தால் தொழில் வேறு மாநிலத்துக்கு ஓடிவிடும் என்ற அச்சம் பொய்யன்று. ஓடாமல் இருப்பதற்குத் தரப்படும் விலை யாருடைய மணியிலிருந்து பிடிக்கப்படுகிறது என்பதையேனும் நாம் அறிந்திருக்க வேண்டாவா?

2023 ஏப்ரலில் ஆலை வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க இடந்தரும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எழுந்த எதிர்ப்பினால் மே முதல் நாள் அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. அதே நாட்களில் திண்ணையில் பன்னிரண்டு மணி குனிந்திருந்தவளைப் பற்றி மன்றத்திலும் மேடையிலும் பேச்சு எழவில்லை. அவள் கூலியை ஆயிரக் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். மணி அதில் தோன்றவில்லை.

பொருளாதாரம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் பத்து வீடுகளைத் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதுக. தொழில், கையில் வந்த தொகை, கழிவு, தன் காசில் வாங்கிய இலை, வழிநடை, காத்திருப்பு எனப் பத்திகள் வகுத்தால் போதும். வயல், உப்பளம், தீப்பெட்டி, கட்டட வேலை யாவற்றுக்கும் அதே பத்திகள் பொருந்தும். கடிகாரம் தேட வேண்டுவதில்லை. எல்லார் வீட்டிலும் கைப்பேசி உண்டு. பீடி வேலைக்கு மட்டும் ஒரு கவனம் வேண்டும்: முதற் பீடியைச் சுற்றும் வேளையைத் தொடக்கமாகக் கொள்ளாது, இலையை நீரில் நனைத்த வேளையையே தொடக்கமாகக் குறித்துக்கொள்க.