பீவி டி-60: பழிகளுக்கு ஒரு பதில்

பழைய மின்கிட்டார்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்களிடம் பீவி டி-60 என்று சொல்லிப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். தூக்க முடியாத கனம், இயந்திரம் செதுக்கிய கட்டை, காதைக் குத்தும் சத்தம், ஸ்பீக்கர் கம்பெனி போட்ட கிட்டார். "அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, காரணம் இல்லாமலா?" என்று முடித்துவிடுவார்கள். இந்தப் பழிகளில் ஒன்று முழு உண்மை. இன்னொன்று பாதி உண்மை. மீதியெல்லாம் தலைப்பகுதியில் வேறொரு பெயர் எழுதியிருந்தால் பாராட்டாக மாறிவிடக்கூடியவை.

முதலில் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள மெரிடியன், கன்ட்ரி இசையின் தந்தை என்று அழைக்கப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸின் சொந்த ஊர். அங்கே இசைக்கருவிக் கடை வைத்திருந்தவரின் மகன் ஹார்ட்லி பீவி, 1965-இல் ஆம்ப்ளிஃபயர் செய்யும் நிறுவனம் தொடங்கினார். பத்து ஆண்டுகள் கழித்துக் கிட்டாரும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியபோது, ஹூஸ்டனில் கிட்டார் பழுதுபார்த்துவந்த சிப் டாட் என்ற பொறியாளரை அழைத்துக்கொண்டார். பீவிக்குத் துப்பாக்கி சேகரிக்கும் பழக்கம் உண்டு. துப்பாக்கியின் மரக்கட்டையை இயந்திரங்கள் ஒன்றுபோல் ஒன்றாகச் செதுக்கி, இரும்போடு இடைவெளியில்லாமல் பொருத்துவதை அவர் கவனித்திருந்தார். துப்பாக்கிக் கட்டைக்கு முடிகிறது என்றால் கிட்டார் கழுத்துக்கு ஏன் முடியாது என்பதே அவர் கேள்வி. அப்படித்தான் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் செதுக்கு இயந்திரங்கள் மெரிடியனில் கிட்டார் வேலைக்கு வந்தன. 1978-இல் டி-60 விற்பனைக்கு வந்தது. பெரிய அளவில் இம்முறையில் செய்யப்பட்ட முதல் கிட்டார் இதுதான் என்று கிட்டார் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள்.

"கைபடாத கிட்டாரில் உயிர் இருக்காது" என்பது வாதம். அப்படியானால் லியோ ஃபெண்டரின் கிட்டார்களில் எங்கிருந்து உயிர் வந்தது? ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. டெலிகாஸ்டரின் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் இறுக்கினார். சீக்கிரம் செய்து முடிக்கலாம், கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம் என்பதே கணக்கு. உடல்பாகத்தை அச்சுப்பலகை வைத்து மின்ரம்பத்தாலும் ரூட்டராலும் வெட்டினார்கள். இன்று லட்சக்கணக்கில் விலைபோகும் 1950-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒவ்வொன்றும் தொழிற்சாலைச் சரக்குதான். பீவி செய்தது அதே பாதையில் அடுத்த அடி.

அந்த அடியை வைத்த காலத்தையும் பார்க்க வேண்டும். ஃபெண்டர் நிறுவனத்தை 1965-இல் சிபிஎஸ் என்ற பெருநிறுவனம் வாங்கியது. 1969-இல் கிப்சன் வேறு கைக்கு மாறி, பிறகு நார்லின் என்ற நிறுவனத்தின் கீழ் வந்தது. எழுபதுகளில் இரண்டின் தரமும் ஏறி இறங்கியதைக் கிட்டார் உலகமே பேசியது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தை இறுக்கும் திருகாணிகள் 1971-இல் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. கழுத்து உட்காரும் பள்ளத்தில் இடைவெளி தெரியும் கிட்டார்கள் கடைக்கு வந்தன. அந்த நோய்க்கு மருந்தாகத்தான் மெரிடியன் இயந்திரங்கள் வந்தன. ஒரு நல்ல டி-60-இல் கழுத்தும் உடலும் சேருமிடத்தைக் கவனியுங்கள்: ஒரு தாளைச் செருகக்கூட இடம் இருக்காது. கழுத்தும் ஒற்றைத் துண்டு அல்ல. மேப்பிள் மரத்தை இரண்டாகப் பிளந்து, நரம்போட்டம் எதிரெதிராக இருக்கும்படி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பாதி வளைய நினைத்தால் மறுபாதி தடுக்கும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நேராக நிற்கும் டி-60 கழுத்துகள் ஏராளமாகக் கிடைப்பதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

இன்று டெய்லர், பிஆர்எஸ், ஃபெண்டர், கிப்சன் என எல்லோரும் அதே வகை இயந்திரங்களை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். விளம்பரத்தில் அதற்குப் பெயர் துல்லியம். முதலில் செய்தவனுக்கு மட்டும் அது குற்றம்.

அடுத்து, சத்தம் கூர்மையாகக் குத்துகிறது என்ற பழி. இதுதான் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்ல உள்ளே இருக்கும் வயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகம்தான் பிக்கப். ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட பிக்கப் தெளிவாக, பளிச்சென்று ஒலிக்கும். ஆனால் சுற்றிலுமுள்ள மின்சார இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிர்த்திசையில் சுற்றி, காந்தங்களையும் எதிர் முனையில் வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடிக் கனமாகும். ஐம்பதுகளில் கிப்சனுக்காக சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் இந்த வகை. ஆகவே வாசிக்கிறவர் முன்னால் எப்போதும் இரண்டு முகாம்கள்: ஒற்றைச் சுருளின் பளிச்சா, ஹம்பக்கரின் கனமா?

டி-60-இல் இருப்பவை இரண்டு ஹம்பக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம், தனி டோன் குமிழ். டோன் குமிழை 10-இல் முழுதாகத் திறந்தால் பிக்கப்பின் ஒரு சுருள் மட்டும்தான் வேலை செய்யும். 10-இலிருந்து 7 வரை மெல்லத் திருப்பும்போது இரண்டாம் சுருள் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே வரும். 7-க்கு வந்தால் முழு ஹம்பக்கர். அதற்குக் கீழே போனால்தான் மற்ற கிட்டார்களில் நடப்பதுபோல் மேல்சுரங்கள் மழுங்கும். இந்த மின்சுற்றை யோசித்தவர் என்று சொல்லப்படுபவர் ஆர்வில் ரெட் ரோட்ஸ். மைக்கேல் நெஸ்மித்தோடு பெடல் ஸ்டீல் வாசித்தவர். ஒரே ஸ்வரத்தில் ஆயிரம் நிறம் தேடுகிற ஸ்டீல் வாசிப்பாளரின் காது இதில் தெரிகிறது.

இப்போது பழியின் மூலம் புரிந்திருக்கும். மற்ற கிட்டார்களில் டோனை 10-இல் வைத்துவிட்டு மறந்துவிடுவதே பெரும்பாலோரின் பழக்கம். அதே பழக்கத்தோடு டி-60-ஐக் கையில் எடுத்து, எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து, பாலத்தருகே உள்ள பிக்கப்பில் ஒரு கார்டு அடித்தால் கேட்பது அந்தக் கிட்டார் தரக்கூடியதிலேயே மிகக் கூரான ஒலி. அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கன்ட்ரி வாசிக்கிறவருக்கு அந்தக் கூர்மை வேண்டும். மற்றவர்கள் குமிழைக் கால் சுற்றுத் திருப்பியிருக்கலாம்.

ஒலியலையின் கட்டத்தை (phase) மாற்றும் சிறு சுவிட்ச் ஒன்றும் உண்டு. இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது மட்டுமே அதற்கு வேலை: ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிவிடும். இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால் அடிச்சுரங்கள் கரைந்து, மூக்கால் பேசுவதுபோல் மெலிந்த ஒலி வரும். "இதற்கு ஒரு சுவிட்சா?" என்று கேட்டவர்கள் ஒரு பிக்கப்பின் வால்யூமை ஒரு மயிரிழை குறைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். குறைத்தால் உடம்பு திரும்பி வரும். மெலிவின் ஒரு விளிம்பு மட்டும் மிச்சமிருக்கும். தாளக் கிட்டாருக்கு அது அருமையான இடம். எழுபதுகளில் இவ்வளவு நிறங்களை ஒரே கருவியில் தந்த தொழிற்சாலைக் கிட்டார்கள் மிகக் குறைவு. கையேடு படிக்காமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி அதை அமைத்தது பீவியின் தவறு என்றால், அதை மறுக்கமாட்டேன்.

கனம் என்ற பழி முழு உண்மை. அடர்ந்த ஆஷ் மரத்தில் செய்த உடல். பல டி-60-கள் நாலரைக் கிலோவைத் தொடும், தாண்டுவதும் உண்டு. நின்றுகொண்டு மூன்று மணி நேரக் கச்சேரி வாசித்தால் தோள் சொல்லும். அகலமான தோல்வார் கட்டாயம். ஆனால் எழுபதுகளின் கிப்சன் லெஸ் பால்கள் பலவும் இதே எடைதான், சில இன்னும் கூடுதல். அவற்றை விற்கிறவர்கள் "கனமான மரம், ஒலி நீண்டு நிற்கும்" என்பார்கள். ஒரே நாலரைக் கிலோ ஒரு கிட்டாரில் குணமாகவும் இன்னொன்றில் குறையாகவும் இருக்க முடியாது. என்னைக் கேட்டால் இரண்டிலும் குறைதான்.

தோற்றம் அழகில்லை என்பார்கள். கொம்புகள் கொஞ்சம் தடிமன், தலைப்பகுதி விசித்திரம். விட்டுவிடுவோம், ரசனை.

பீவி என்றால் ஸ்பீக்கர் கம்பெனி என்ற இளக்காரத்துக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. தேவாலயத்திலும் மதுக்கடை மேடையிலும் பள்ளி அரங்கிலும் பீவி பெயர் கண்ணில் பட்டதால், அது எளியவர்களின் சரக்கு என்று ஒரு முத்திரை விழுந்தது. எளியவர்களுக்கு எட்டும் விலையில், அடிபட்டாலும் உழைக்கிற கருவி செய்ததற்கு இதுவா பட்டம்? இதே நிறுவனத்தின் மேஸ் ஆம்ப்ளிஃபயர்களை லினர்ட் ஸ்கினர்ட் குழு மேடைகளில் அடுக்கி வாசித்தது. எடி வான் ஹேலன் தன் 5150 ஆம்ப்ளிஃபயரை இவர்களோடு சேர்ந்துதான் 1992-இல் வெளியிட்டார்.

எழுபதுகளில் மலிவு விலைக்குப் பதில் சொன்ன மற்றவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்கள். லெஸ் பாலையும் ஸ்ட்ராட்டையும் அப்படியே நகலெடுத்தார்கள். தலைப்பகுதியின் வடிவத்துக்காக நார்லின் 1977-இல் ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தர்மேல் வழக்கே போட்டது. பீவி யாருடைய வடிவத்தையும் அப்படித் திருடவில்லை. சொந்த வடிவம், சொந்த பிக்கப், சொந்த மின்சுற்று. அமெரிக்காவில் செய்து, கிட்டாரின் உருவத்துக்கே வார்த்த பிளாஸ்டிக் பெட்டியையும் சேர்த்து 350 டாலருக்குக் கொடுத்தார்கள்.

கடைசியாக, "நல்ல கிட்டாராக இருந்தால் விலை ஏறியிருக்குமே" என்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டருக்கு நடந்ததைப் பார்க்கும்வரை. 1958-இல் ஃபெண்டரின் விலையுயர்ந்த மாடலாக அது வந்தது. ஜாஸ் வாசிப்பவர்கள் தொடவில்லை. எழுபதுகளில் அடகுக்கடைகளில் சீந்துவாரின்றிக் கிடந்தது. 1980-வாக்கில் தயாரிப்பே நின்றது. மலிவாகக் கிடைத்ததால் எல்விஸ் காஸ்டெல்லோவும் பிறகு சோனிக் யூத் குழுவும் அதை எடுத்து வாசித்தார்கள். அவர்கள் புகழடைந்த பின் விலை ஏறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய ஜாஸ்மாஸ்டர்களின் மரமோ கம்பிச்சுருளோ தானாகத் தரம் உயரவில்லை. ஃபெண்டரின் இன்னொரு மாடலான மஸ்டாங்குக்கு நிர்வானா குழுவின் கர்ட் கோபைனால் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஏற்றம்தான். டி-60-க்கு அப்படி ஒரு நட்சத்திரம் வாய்க்கவில்லை. எண்பதுகளில் மோகம் கூரிய வடிவங்களுக்கும் ஆட்டும் கைப்பிடி கொண்ட பாலங்களுக்கும் தாவியது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே தயாரிப்பும் நின்றுபோனது.

ஆகவே எழுபதுகளின் ஸ்ட்ராட்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் அமெரிக்கச் சந்தையில், அதே வயதுள்ள டி-60 இன்னமும் சில நூறுகளுக்குக் கிடைக்கிறது. வாங்கப் போகிறவர்கள் வார்னிஷ் கீறலைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒவ்வொரு டோன் குமிழையும் 10-இலிருந்து 7-க்குத் திருப்புங்கள். ஒலி தடித்து இரைச்சல் அடங்கினால் மூல வயரிங் பத்திரமாக இருக்கிறது. எந்த மாற்றமும் கேட்கவில்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றம் கேட்டால் பேரம் பேசும்போது எடையைப் பற்றி மட்டும் குறை சொல்லுங்கள்.