அறிக்கை வந்தது, பூட்ஸ் வந்ததா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி டீக்கடைகளில் அரசியலும் சூடு பிடிக்கும். ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறவரும் அங்கே நிற்பார். மூட்டை இறக்கிவிட்டு வருகிறவரும் நிற்பார். அப்படி ஒரு கடையில் நம் தோழர் ஒருவர் ராணுவக் கணக்குத் தணிக்கை பற்றிய செய்தியை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். இது வாங்கவில்லை, அது வந்து சேரவில்லை, இத்தனை வருஷம் தாமதம் என்று அவர் வாசிக்க வாசிக்க, கூடியிருந்தவர்கள் "அடேயப்பா!" என்றார்கள். மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் இருந்தவர், வடக்கே பனிமலையில் காவல் நின்றவர், இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு இருப்பவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. ரிப்போர்ட்டு வந்துட்டுன்னு சொல்லுத. பூட்ஸ் வந்துச்சா? அதச் சொல்லு!"

தோழர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பதில் அதில் இல்லை. குறை கண்டுபிடிக்கப்பட்ட அன்று கொட்டை எழுத்தில் போடுகிற பத்திரிகைகள், பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுவது அபூர்வம். நாமும் கேட்பதில்லை. அன்று அந்தப் பெரியவர் கேட்டதை நாமும் கேட்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

பனிமலைக் கணக்கு

அவர் பூட்ஸைப் பற்றிக் கேட்டது சும்மா அல்ல. ஆடிட்டர் ஜெனரல் என்று அந்நாளில் சொன்னோமே, இன்று சி.ஏ.ஜி. என்கிறார்களே, அந்த அதிகாரியின் அறிக்கை ஒன்று 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. சியாச்சின், லடாக் போன்ற உயரமான பனிப் பகுதிகளில் நிற்கும் சிப்பாய்களுக்கு உடுப்பும் உணவும் ஒழுங்காகக் கிடைத்தனவா என்று 2015-16 முதல் 2017-18 வரையிலான கணக்கைப் பார்த்து எழுதிய அறிக்கை அது.

அதில் கண்டது என்ன? உடுப்பும் சாமானும் வாங்குவதில் நான்கு வருஷம் வரை தாமதம். பனியின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமல் காக்கும் கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை. 2015 நவம்பரிலிருந்து 2016 செப்டம்பர் வரை புதிய பூட்ஸ் கிடைக்காமல், பழைய பூட்ஸையே சரிசெய்து மறுபடியும் மாட்டிக்கொள்ள வேண்டிய நிலை. ரேஷனில் ஒரு பண்டத்துக்குப் பதிலாக வேறொன்று கொடுக்கும்போது சத்தைப் பார்க்காமல் விலையைப் பார்த்துக் கொடுத்தார்கள். அதனால் சிப்பாய்க்குப் போய்ச் சேர வேண்டிய கலோரி 82 சதவீதம் வரைகூடக் குறைந்தது.

இதை எழுதியவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல. அரசியல் சட்டத்தின் 148-வது விதிப்படி நியமிக்கப்பட்ட அதிகாரியின் அலுவலகம். அந்த அறிக்கை வந்த நான்காம் மாதம், 2020 ஜூனில், கல்வான் பள்ளத்தாக்கில் இருபது வீரர்கள் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்தக் குளிர்காலத்தில் லடாக்கில் நிறுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு அமெரிக்காவிலிருந்து அவசரமாகக் குளிர் உடுப்பு தருவிக்க வேண்டியிருந்தது. திடீரென்று ஆள் கூடியதும் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்வோம். ஆனால் இருக்கிற ஆளுக்கே நான்கு வருஷம் தாமதமாக வாங்குகிற அலுவலகம், கூடுதல் ஆளுக்கு எப்படித் தயாராக இருக்கும்?

அருவியும் கடைக்குளமும்

இந்தத் தணிக்கை முறை எப்படி நடக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளங்கவைக்கச் சிற்றாறே போதும். குற்றால மலையில் அருவி கொட்டுகிறது. படம் பிடிக்க ஆயிரம் பேர். அந்தத் தண்ணீர் சிற்றாறாகக் கிழக்கே ஓடி, அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாயில் திரும்பி, குளங்களுக்குப் போக வேண்டும். கடைக்குளத்து விவசாயி அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பதில்லை. "மடை திறந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்.

தணிக்கை அறிக்கை அருவி. மடை எது? சட்டப்படி அறிக்கை ஜனாதிபதி வழியாகப் பார்லிமெண்டுக்கு வருகிறது. பிறகு பொதுக் கணக்குக் கமிட்டிக்குப் போகிறது. லோக்சபையிலிருந்து பதினைந்து பேர், ராஜ்யசபையிலிருந்து ஏழு பேர், ஆக இருபத்திரண்டு அங்கத்தினர்கள். 1967-லிருந்து எதிர்க்கட்சிக்காரர் தலைமை வகிப்பது மரபு. கமிட்டி சில விஷயங்களை மட்டுமே எடுத்து விசாரிக்க முடியும். மற்ற ஒவ்வொரு குறைக்கும், 'நாங்கள் எடுத்த நடவடிக்கை இது' என்று இலாகா நான்கு மாதத்துக்குள் குறிப்பு எழுதித் தர வேண்டும். கமிட்டியே விசாரித்துச் சிபாரிசு செய்தால் ஆறு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். பிறகு கமிட்டி அந்தப் பதில்களைத் தரம் பிரிக்கும்: சர்க்கார் ஏற்றுக்கொண்டது எது, மேலே வற்புறுத்த வேண்டாதது எது, சர்க்கார் மறுத்தும் கமிட்டி மீண்டும் வற்புறுத்துவது எது, இன்னும் முழுப் பதில் வராதது எது?

ஏட்டளவில் அருமையான ஏற்பாடு! ஆனால் பாதுகாப்பு இலாகாவைப் பற்றிய தணிக்கை அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். முந்திய அறிக்கைகளுக்கு நடவடிக்கைக் குறிப்பு வராமல் நிலுவையில் இருப்பவற்றின் பட்டியல் அங்கே இருக்கும். யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. மடை மூடிக் கிடப்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

பழைய நோய்

இது இன்று நேற்றுப் பிடித்த நோய் அல்ல. 1948-ல் ராணுவத்துக்கு ஜீப் வாங்க லண்டனில் ஒப்பந்தம் போட்டார்கள். வந்து இறங்கிய 155 ஜீப்புகள் உபயோகத்துக்கு லாயக்கில்லாதவை என்று தெரிந்தது. பொதுக் கணக்குக் கமிட்டி குறை கூறியது. மீண்டும் விசாரிக்கச் சொன்னது. கடைசியில் 1955 செப்டம்பரில் உள்நாட்டு மந்திரி பந்த், விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். ஒப்பந்தம் நடந்த காலத்தில் லண்டனில் ஹைகமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன் மறு வருஷம் மந்திரியானார். 1957-ல் பாதுகாப்பு மந்திரியே ஆனார். அவர் மேல் குற்றம் உண்டா இல்லையா என்பதல்ல இங்கே பேச்சு. கமிட்டி கேட்ட கேள்விக்குப் பதில் தராமலே சர்க்கார் தானாகக் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. குடியரசின் ஆரம்ப நாளிலேயே அந்த வழக்கம் வந்துவிட்டது.

குண்டுக் கணக்கு

போனதைத் திரும்பிப் பார்க்கும் தணிக்கையும் உண்டு. அது நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். யுத்தம் வந்தால் நாற்பது நாளைக்குத் தேவையான வெடிமருந்துச் சாமான் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது அப்போது ராணுவத்தின் கணக்கு. 2013 மார்ச்சில் 170 வகையில் 85 வகை, அதாவது சரிபாதி, பத்து நாளுக்குக்கூடக் காணாது என்று 2015-ம் வருஷ அறிக்கை சொன்னது. சொன்னபின் என்ன நடந்தது என்று பார்க்க மறுபடியும் தணிக்கை செய்தார்கள். அந்த அறிக்கை 2017 ஜூலையில் வந்தது. 2016 செப்டம்பரில் 152 வகையில் 61 வகை அதே பத்து நாள் கணக்குக்குக் கீழே இருந்தன. நாற்பது நாள் தேவையை எட்டியவை 31 வகைதான். மூன்றரை வருஷத்தில் ஐம்பது சதவீதம் நாற்பது சதவீதமானது! இதைக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் என்று தணிக்கையர் ஏற்கவில்லை.

யார் மேல் குறை? இரண்டு பக்கமும் குறை என்றது அறிக்கை. வெடிமருந்து செய்து தரும் சர்க்கார் தொழிற்சாலைகளின் அளவும் தரமும் தேறவில்லை என்றது ஒரு பக்கம். வெளியிலிருந்து வாங்க ராணுவத் தலைமையகம் 2009 முதல் 2013 வரை தொடங்கிய ஏற்பாடுகளில் பெரும்பாலானவை 2017 ஜனவரியிலும் முடியாமல் கிடந்தன என்றது மறுபக்கம். அதாவது பட்டறையிலும் குறை, மேஜையிலும் குறை.

தண்டனை யாருக்கு?

இனிமேல்தான் தொழிலாளித் தோழர்கள் கவனிக்க வேண்டும். பட்டறைக் குறைக்கு என்ன செய்தார்கள்? 41 ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திய போர்டையே கலைத்துவிட்டு, 2021 அக்டோபர் 1 முதல் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஒரு கம்பெனிக்கு. அதே ஆவடியின் உடுப்புத் தொழிற்சாலை இன்னொன்றுக்கு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை வேறொன்றுக்கு. அருவங்காடு வெடிமருந்து ஆலை மற்றொன்றுக்கு. எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வோம் என்று யூனியன்கள் சொன்னபோது, 2021 ஜூன் கடைசியில் அவசரச் சட்டம், ஆகஸ்டில் நிலைச் சட்டம். தடையை மீறி வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் ஒரு வருஷம் வரை சிறை. தூண்டினால் இரண்டு வருஷம் வரை! ஒரே வருஷம் ஆயுள் கொண்ட சட்டம்தான். ஆனால் மாற்றத்தை நடத்தி முடிக்க அந்த ஒரு வருஷம் போதும்.

மேஜைக் குறைக்கு என்ன செய்தார்கள்? நடவடிக்கைக் குறிப்பு எழுதினார்கள்!

கடையம், ஆலங்குளம் பக்கத்துப் பீடித் தொழிலாளிக்கு இந்த நியாயம் புதிதல்ல. சுற்றியது சரியில்லை என்று கட்டைக் கழித்துப்போட்டால் அன்று சாயங்காலமே கூலி குறைகிறது. இலை மட்டமாகக் கொடுத்தவரைக் கேட்க ஆள் கிடையாது. ஆயுதத் தொழிற்சாலையில் குறையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. தரமில்லாத குண்டு எதிரியைவிடச் சிப்பாய்க்கே ஆபத்து. குறையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் ஒரே அறிக்கையின் ஒரு பக்கம் மட்டும் ஆணையாகவும், மறு பக்கம் கோப்பாகவும் மாறுவது என்ன நியாயம்?

ரகசியம் என்ற திரை

"ராணுவ விஷயம், வெளியே சொன்னால் எதிரி படிப்பான்" என்பார்கள். எத்தனை குண்டு எந்தக் கிடங்கில் என்று நாமும் கேட்கவில்லை. பாதுகாப்புத் துறை அறிக்கைகளைப் பார்லிமெண்டில் வைத்துவிட்டு, இணையதளத்தில் போடாமல் நிறுத்தியதற்கும் இந்தக் காரணம்தான் சொல்லப்பட்டது. ஆனால் திரை தடித்தால் என்ன நேரும் என்பதற்கு ரபேல் விமான வழக்கே சாட்சி. விலை பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கையைப் பொதுக் கணக்குக் கமிட்டி பரிசீலித்துவிட்டது என்று 2018 டிசம்பர் 14-ம் தேதித் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எழுதிவிட்டது. அப்போது அறிக்கையே பார்லிமெண்டுக்கு வரவில்லை! கமிட்டித் தலைவர் கார்கே, தாம் எதையும் பார்க்கவில்லை என்றார். வாசகத்தைத் திருத்தக் கோரிச் சர்க்கார் மனுச் செய்தது. அறிக்கை வந்ததோ 2019 பிப்ரவரியில். அதிலும் விலை விவரத்தை மறைத்திருந்தார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பாதுகாப்பு இலாகா யோக்கியமானது என்று சொல்ல மாட்டோம். 2018 முதல் 2024 வரை வருஷா வருஷம் முழுக் கணக்குத் தணிக்கை செய்தார்கள். ஏழு முறையும் தேறவில்லை. ஆனால் அங்கே தணிக்கை அலுவலகம் ஒவ்வொரு சிபாரிசையும், அது நிறைவேறியதா, இன்னும் பாக்கியா என்று பொதுஜனம் பார்க்கும்படி பட்டியல் போட்டு வைக்கிறது. அவ்வளவு பெரிய ராணுவத்தின் பாக்கியை ஊரறியச் சொல்லலாம். நம் சிப்பாயின் பூட்ஸ் பாக்கியைச் சொன்னால் தேசத்துக்கு ஆபத்தா? 'இந்தச் சிபாரிசு, ஏற்ற தேதி இது, முடித்த தேதி இது, முடியவில்லையென்றால் பொறுப்பு இன்னாருடையது' என்ற நான்கு பத்திகளில் எந்த ரகசியம் ஒளிந்திருக்கிறது?

கேட்க வேண்டியது மூன்று

ஒன்று: பாதுகாப்பு இலாகாவின் நிலுவைப் பட்டியலை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். ரகசியமானவற்றை எண்ணிக்கையில் மட்டுமாவது சொல்ல வேண்டும்.

இரண்டு: சாதாரணச் சிப்பாயின் உடுப்பு, உணவு, பூட்ஸ் சம்பந்தமான குறைகளை, இரண்டு வருஷத்துக்குள் மறுதணிக்கை செய்ய வேண்டும்.

மூன்று: தணிக்கைக் குறையைக் காட்டித் தொழிலாளியின் மேல் நடவடிக்கை எடுத்தால், அதே அறிக்கையில் அதிகாரிகள் மேல் சொன்ன குறைக்கு என்ன நடவடிக்கை என்பதையும் அதே நாளில் சொல்ல வேண்டும்.

இவை பெரிய புரட்சி அல்ல. யூனியன் ஆண்டுக் கூட்டத்தில் நாம் செய்வதுதான். போன வருஷத் தீர்மானங்களை வாசித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்ட பிறகுதானே புதிய தீர்மானத்துக்குப் போகிறோம்? செயலாளர் விழித்தால் விடுவோமா?

தென்காசித் தொகுதியின் எம்.பி. ஊருக்கு வரும்போது, அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், பாலம் கேளுங்கள், ரயில் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள். பார்லிமெண்டில் ஒரு கேள்வி போட அவருக்குக் காசு செலவில்லை. வரி கட்டுவது நாம். பனியில் நிற்பது நம் பிள்ளை. ஆயுதம் செய்வது நம் தோழன். மூவர் கணக்கும் ஒரே ஏட்டில்தான் இருக்கிறது.

அடுத்த முறை தணிக்கைச் செய்தி வரும். தோழர்கள் அதை உரக்க வாசிப்பார்கள். கூட்டமும் "அடேயப்பா" என்னும். அத்தோடு நிறுத்திவிட வேண்டாம். போன அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அந்தப் பெரியவர் கேட்டதைக் கேளுங்கள்: பூட்ஸ் வந்ததா?