நாவென்னும் சுக்கான்

கற்பிட்டிக் கரையில் நின்று, தொழில் முடித்துத் திரும்பும் வள்ளங்களை நோக்கியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். காற்றும் நீரோட்டமும் எத்துணை வலியனவாயினும், வள்ளத்திற்கு வழிகாட்டுவது பின்புறத்தில் இருப்பவரின் கையிலுள்ள சிறிய சுக்கானே. புனித யாகப்பர் தமது நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மனித நாவுக்கு உவமை தேடியபோது, குதிரையின் கடிவாளத்தோடு கப்பலின் சுக்கானையும், பெருங்காட்டை எரிக்கும் சிறு நெருப்பையும் எடுத்துக் கொண்டார். கடலை நம்பி வாழும் மக்களுக்கு இவ்வுவமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும், நாவடக்கத்தை நல்லொழுக்கங்களுள் ஒன்றாக மட்டும் எண்ணி நம்மிற் பலர் அமைந்து விடுகின்றோம். யாகப்பர் அவ்வாறு விடவில்லை. இறைவனைத் துதிக்கும் வாயே, அவருடைய சாயலைப் பெற்ற மனிதரைத் தூற்றுவதும் தகுமோ என்பது அவர் எழுப்பும் வினா. காலையில் ஆலயத்தில் செபித்தோம். மாலையில் அயலவரைப் பற்றி என்ன பேசினோம்? நம் விசுவாசத்தின் உரைகல் இதுவேயாகும்.

இக்கரையோடு தொடர்புடைய ஒரு புனிதரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. ஒல்லாந்தர் தமது ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து 1687இல் இலங்கை வந்தவர் யோசவ் வாஸ் அடிகளார். யாழ்ப்பாணத்து விசுவாசிகள் அவரைத் தம் இல்லங்களில் மறைத்து வைத்தனர். அவர்கள் காத்த நாவே அவருக்கு அரணாயிற்று. 1690இல் அவர் புத்தளத்துக்கு வந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோதோ, போர்த்துக்கீசரின் உளவாளி என்று அவர்மேல் பழி சுமத்தப்பட்டது. அச்சொல்லை நம்பிய அரசன் அவரைச் சிறையிலிட்டான். முன்பு அடக்கிய நாவு காத்த அதே மனிதரை, இப்போது அடங்காத நாவொன்று விலங்கிட்டது.

அடிகளார் பழிக்குப் பழி கூறினாரல்லர். சிறையிலிருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார். தம்மை ஐயுற்ற மக்களோடு அன்பாய் உரையாடுதற்கு அம்மொழியையே கருவியாக்கினார். பின்னர், 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியபோது, பிறர் அஞ்சி விலகிய நோயாளரைத் தேடிச் சென்று பேணினார். பழியைப் பொய்யாக்கியது அவருடைய வாதமன்று, வாழ்வேயாகும். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பிலே அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவை மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்திகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, ஆலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடெங்கும் துயரமும் அச்சமும் நிறைந்திருந்த மே 12ஆம் நாள், சிலாபத்திலே கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய சில சொற்கள் அச்சுறுத்தலாகப் பொருள் கொள்ளப்பட்டன. அவை கைக்குக் கை பரவின. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வன்செயல் வேறு ஊர்களுக்கும் பரவியது. மறுநாள் இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் தச்சுத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். சிறு நெருப்பு எவ்வளவு பெரிய காட்டை எரிக்கும் என்பதை நம் கண்முன்னே கண்டோம்.

அன்று அச்சொற்களை எழுதியவர் ஒருவர். பொருளை ஆராயாது பிறர்க்கு அனுப்பியோர் எத்தனை பேர்! நாவைக் காத்தல் என்பது இன்று விரலைக் காத்தலுமாகும். தீய எண்ணத்தோடு பேசுவோர் சிலரே. கேட்டதைக் கேட்டவாறே கடத்துவோரோ நம்மிற் பலர்.

கத்தோலிக்கர் எண்ணும் வரிசையில் எட்டாவதான கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. திருச்சபையின் போதனை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பொய்யாகப் பழிப்பது மட்டுமன்று. ஒருவருடைய மெய்யான குறையையும் தக்க காரணமின்றி வெளியிடுவது பாவமே. பிறருடைய நற்பெயரைக் கெடுத்தவர் பாவசங்கீர்த்தனம் செய்வதோடு கடமை முடிந்துவிடாது. அப்பெயரை இயன்றவரை சீர்ப்படுத்தவும் வேண்டும். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். பத்து வீடுகளுக்குச் சென்றுவிட்ட சொல்லைத் திருப்பி அழைப்பது எளிதோ?

எனினும், நாவடக்கம் என்பது வாய்மூடி இருத்தலன்று. அயலவர்மீது அநியாயமான பழி சுமத்தப்படும்போது நாம் மௌனமாயிருப்பின், அம்மௌனமும் பழிக்குத் துணைபோகும். அவ்வேளையில், "இது உண்மையென்று அறிவீர்களா?" என்று கேட்பதற்கும் நாவு வேண்டும்; துணிவும் வேண்டும்.

பெற்றோரே, உணவு வேளையில் நாம் பிறரைப் பற்றிப் பேசும் பேச்சே பிள்ளைகளுக்கு முதற் பாடம். மாணவச் செல்வங்களே, ஒரு செய்தியைப் பிறர்க்குச் சொல்லுமுன் மூன்று வினாக்களை உங்களுக்குள்ளே கேளுங்கள்: இது மெய்யா? இதைச் சொல்லுதல் தேவையா? இதற்குரியவர் நம் எதிரே இருந்தாலும் இவ்வாறே சொல்வோமா?

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் திருநாட்களில் தமிழரும் சிங்களவரும் திரள்கின்றனர். இரு மொழியிலும் ஒரே மன்றாட்டு எழுகின்றது. அங்கே மன்றாடிய வாயை வீடு திரும்பும் வழியிலும் காத்துக் கொள்வோமாக. சுக்கான் நம் கையிலேயே இருக்கின்றது.