நோயாளியே பாடம்

ஆறுதல் சொல்லப் போகும் போதகருக்கு பைபிள் அறிவு மட்டும் போதுமா? போதாது என்றவர் ஆன்டன் பாய்சன். அமெரிக்கப் போதகரான இவர், 1920-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, உள்ளே இருந்து அந்த உலகத்தைப் பார்த்தவர். 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வொர்ஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கே ஆன்மிகப் பணியாளராக வந்தார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்களை அங்கே வரவழைத்து, வார்டு உதவியாளர்களாக வேலை பார்க்க வைத்தார். புத்தகத்தைப் படிக்கும் அதே கவனத்தோடு நோயாளியையும் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இன்று பல நாடுகளில் இந்தப் பயிற்சி உண்டு. நோயாளியுடன் பேசியதை மாணவர் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி வந்து, சக மாணவர்கள் முன் படிக்கிறார். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று அவசரப்பட்டு நோயாளியின் வாயை எங்கே அடைத்தார் என்பது அப்போது அம்பலமாகிவிடும். ஜெபிக்கத் தெரிந்தவர்களுக்கும் கேட்பதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.