வாட்டர் பாடிக்கு அடியில் ஒரு ஓட்டை

பாகூர் ஏரி ஒரு 'வாட்டர் பாடி'ன்னு சுற்றுச்சூழல் பேப்பர்ல எழுதி மார்க் வாங்குறோம். அதே பாகூர்ல மெக்கானிக்கிட்ட 'வாட்டர் பாடி'ன்னா இன்ஜினோட வாட்டர் பம்ப். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு வெலாசிட்டி டயக்ராம் போடுற நாம, அது டிராக்டர்ல எங்க இருக்குன்னு கேட்டா முழிக்கிறோம்.

ஃபேனுக்குப் பின்னாடிதான் இருக்கு. பல டிராக்டர்கள்ல ரெண்டுக்கும் ஒரே ஷாஃப்ட். பெல்ட் அதைச் சுத்த, இம்பெல்லர் ரேடியேட்டர்ல ஆறின தண்ணியை இன்ஜின் பிளாக்குக்குள் தள்ளும். தண்ணி பேரிங் பக்கம் போகாம ஒரு சீல் தடுக்கும். சீல் தேய்ஞ்சா கசிவு வெளியே வரணும்னுதான் பாடிக்கு அடியில சின்ன ஓட்டை வெச்சிருக்காங்க. ஒழுகுறது பம்ப் கொடுக்கிற எச்சரிக்கை. அதைப் போய் எம்-சீல் வெச்சு அடைக்கிறது, அழுகிற குழந்தையோட வாயைப் பொத்துற மாதிரி. உள்ளே போற தண்ணி பேரிங்கைத் தின்னும், ஷாஃப்ட் ஆடும், கடைசியில ஃபேன் ரேடியேட்டரையே கிழிக்கும்.

அடுத்தது போர் தண்ணி. கடலோர ஊர், பல இடத்துல உப்பு. சுண்ணாம்பு படிஞ்சு வழி அடைக்கும், இம்பெல்லரும் அரிக்கும். "கூலன்ட் பனி நாட்டுக்குத்தானே?"ன்னு கேக்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அதுல துருவைத் தடுக்கிற மருந்தும் இருக்கு, கொதிநிலையும் 100 டிகிரிக்கு மேல ஏறும். நடவு நேரத்துல ஹெட் கேஸ்கெட் போனா ஆகிற செலவுக்கு கூலன்ட் விலை தூசு.

வில்லியனூர், பாகூர் பசங்களே, இந்த லீவுல இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, ஃபேனைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா, அறுவடைக்கு முன்னாடியே பாடியை மாத்தச் சொல்லுங்க.