இஸ்பேட் ஏஸ் யாரைப் பயமுறுத்தியது?

ஒரு சீட்டுக்கட்டு. உள்ளே ஐம்பத்திரண்டு சீட்டு. அத்தனையும் இஸ்பேட் ஏஸ்! ரம்மி ஆட முடியாது, கழுதையும் ஆட முடியாது. இப்படி ஒரு கட்டை எவனாவது கேட்டு வாங்குவானா?

கேட்டு வாங்கினார்கள். 1966ல் வியட்நாமில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படையின் 25ஆவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த இளம் அதிகாரிகள், யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு என்ற சீட்டுக்கட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். கம்பெனியும் காசு வாங்காமல் ஆயிரக்கணக்கில் அனுப்பியது. பெட்டியின் மேல் அச்சடித்திருந்த பெயர் 'ரகசிய ஆயுதம்'!

எதற்கு இந்த ஆயுதம்? செத்துக் கிடக்கும் வியட்நாம்காரனின் உடல் மேல் ஒரு சீட்டைப் போட்டுவிட்டு வருவதற்கு. காட்டு வழியில் இறைத்துவிட்டுப் போவதற்கு. 'இவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள், இஸ்பேட் ஏஸைப் பார்த்தால் எமனைப் பார்த்த மாதிரி நடுங்குவார்கள்' என்று ஒரு பேச்சு.

நடுங்கினார்களா? அதற்கு முகாந்திரமே இல்லை. வியட்நாம் மக்கள் பரம்பரையாக ஆடிய 'தோ தோம்' ஆட்டத்தில் 120 சீட்டு. அதில் இஸ்பேடும் கிடையாது, ஆர்ட்டினும் கிடையாது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் நம்ம ஊர் மாதிரிச் சீட்டும் அங்கே போய்ச் சேர்ந்ததுதான். ஆனால் இஸ்பேட் என்றால் சாவு என்பது அந்த மண்ணின் நம்பிக்கை அல்ல.

பின்னே யாருடைய நம்பிக்கை? சாட்சாத் வெள்ளைக்காரனுடையதுதான்! சீட்டுப் போட்டு ஜோசியம் பார்க்கும் ஐரோப்பியப் பழக்கத்தில் இஸ்பேடுக்குக் கெட்ட பெயர். இங்கிலாந்தில் இன்னொரு கதையும் உண்டு. அங்கே சீட்டுக்கட்டுக்கு அரசாங்கம் வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமான முத்திரை இஸ்பேட் ஏஸ் மேல்தான் இருக்கும். கள்ள ஏஸ் அடித்தால் தூக்கு! 1805ல் ஒருவரைத் தூக்கில் போட்டே விட்டார்கள். (அந்தச் சீட்டில் மட்டும் படம் ஏன் அவ்வளவு பெரிசு என்று ஹாஸ்டலில் அடிக்கடி சண்டை நடக்கிறதே, வரி முத்திரை இருந்த இடம் அது!)

ஆக, தன் பயத்தை எடுத்து எதிரியின் தலையில் கட்டிவிட்டு, 'பார், அவன் பயப்படுகிறான்' என்று சொன்னார்கள். ஹெலிகாப்டர் வைத்திருந்தவன், ரேடார் வைத்திருந்தவன்!

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லோடு லாரியில் வேலை. புறப்படும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். 'படிக்காத சனம், அப்படித்தான் நம்பும்' என்று ஒரு கடைக்காரர் சிரிப்பார். அவருடைய கல்லாவுக்கு மேலேயே திருஷ்டிப் படிகாரம் தொங்கும்! அடுத்தவனை மூடநம்பிக்கைக்காரன் என்று சொல்லிவிட்டால் அவனை மனுசனாக மதிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. கடையில் அது வெறும் சிரிப்பு. வியட்நாமில் அது பிணத்தின் மேல் சீட்டு.

சிப்பாய்ப் பையனை நான் கேலி பண்ண மாட்டேன். கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்து அனுப்பப்பட்டவர்கள் பலர். நம்ம வயசுப் பையன்களும் இருந்தார்கள். ஹெல்மெட் பட்டையில் ஒரு ஏஸைச் செருகிக்கொண்டால் கொஞ்சம் தைரியம் வருகிறது என்றால் வரட்டுமே! பரீட்சைக்கு ராசியான பேனாவைத் தேடுகிற நமக்கு அது புரியாதா? எதிரியைப் பயமுறுத்தாத சீட்டு, வைத்திருந்தவனுக்காவது உதவியது. சொந்த உயிருக்கு வைத்த எலுமிச்சம்பழம் அது. ஆனால் செத்தவனின் வாயில் செருகியது? அதை எந்தப் பயத்தாலும் நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. அவனுக்கும் ஒரு அம்மா தேடி வந்திருப்பாள் அல்லவா?

அதே அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தச் சிப்பாய்களும் சீட்டாட்டப் பிரியர்கள்தான். ஆனால் சண்டைக்குப் போகும் வழியில் சட்டைப்பையிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்து ரோட்டோரம் வீசிவிடுவார்களாம். செத்துப்போனால் உடம்போடு சீட்டும் சேர்ந்து அகப்படும், பிள்ளை சூதாடினான் என்று வீட்டில் தெரிந்துவிடும் என்ற பயம்! சண்டை முடிந்து பிழைத்து வந்தவன், மறுபடியும் ஒரு கட்டைத் தேடிக்கொண்டு போய் ஆட உட்கார்ந்தான்.