நிழலின் எண்ணும் வெயிலின் உண்மையும்

வெப்ப அலை வீசும் நாட்களில், இன்று இத்தனை பாகை என்று அறிவிக்கப்படும் எண்ணை நாம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அவ்வெண் நிழலுக்குரியது. வெண்ணிறம் பூசிய, காற்றோட்டமுள்ள பெட்டியினுள் இருக்கும் வெப்பமானி காற்றின் வெப்பநிலையை மாத்திரமே கூறும். வெயிலில் நிற்பவன் படும் பாட்டை அது அறியாது.

2023 ஏப்ரல் 16ஆந் திகதி, நவி மும்பாயின் கார்கரில் திறந்த மைதானமொன்றில் அரச விருது விழா நடைபெற்றது. பெருந்திரளான மக்கள் பல மணிநேரம் வெயிலில் அமர்ந்திருந்தனர். அன்றைய வெப்பநிலை ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ். வட இந்தியச் சமவெளியில் இந்த எண் எவரையும் திடுக்கிடச் செய்யாது. ஆயினும் 14 பேர் மாண்டனர்.

காரணம் மறைபொருளன்று. வியர்வை ஆவியாவதனாலேயே உடல் குளிர்கிறது. கடலோரத்தின் ஈரலிப்பான காற்றில் வியர்வை வழியுமேயன்றி எளிதில் ஆவியாகாது. அதன்மேல் சூரியக் கதிரும் சேருமாயின் உடல் என் செய்யும்?

இதனை அளக்கும் வழி புதிதுமன்று. அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் வீழ்ந்ததை ஆராய்ந்த யாக்லோ, மினார்ட் என்போர் 1957இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். வெளியிலே வைத்த ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்குப் பத்தில் ஏழு பங்கு; கறுப்புக் கோளத்தினுள் வைத்ததற்கு இரண்டு; நிழலிலுள்ள சாதாரண வெப்பமானிக்கு ஒன்று. நாம் முழுதாய் நம்பும் எண்ணுக்கு அங்கே கிடைத்த மதிப்பு பத்தில் ஒன்றே!

நமது வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் ஈரலிப்பையும் கணக்கிலெடுக்கிறது; அது வரவேற்கத்தக்கதே. எனினும் அச்சுட்டெண்ணும் நிழலையே அடிப்படையாகக் கொண்டது. யப்பானோ 2021 முதல் நாடு முழுவதற்கும் மேற்கூறிய கணக்கின்படியே பொதுமக்களை எச்சரித்து வருகிறது. ஆகவே இது ஆகாத காரியமென்று கூறுவதற்கில்லை.

போர்வீரனுக்கும் ஓட்டவீரனுக்கும் என்றோ கிடைத்த அளவுகோல், வீதிக்குத் தார் ஊற்றுபவனுக்கும் வயலிற் களை பிடுங்குபவளுக்கும் விளையாட்டுப் போட்டிக்கு அணிவகுத்து நிற்கும் மாணவனுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே என் துணிபு. எந்த எண்ணை அளக்கிறோம் என்பதில், எவருடைய உயிரை எண்ணுகிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது.